ஷொக் வாங்க முதல் நிறுத்துப் பாருங்கள்

கிரெய்கிபர்னில் எந்தப் பெரிய கடையின் வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி வந்தாலும் உயர்த்திய யூட்டுகள் வரிசையாக நிற்கும். ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மாக்ஸ், நவாரா. கறுப்புச் சில்லு, முரட்டு ரயர், கூரையில் மடித்துக் கட்டிய கூடாரம், சில்லுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் மஞ்சள் அல்லது நீல ஷொக். ஓட்டுகிறவர்களில் இப்போது எங்கட பிள்ளைகளும் கனபேர். கம்றியையும் கொரோலாவையும் தவிர வேறெதையும் வாகனமாக மதிக்காத வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள்!

எனக்கு இது பிடித்திருக்கிறது. பிறந்த நாட்டின் காடு மலையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்தால் அதில் என்ன பிழை? ஹியூம் நெடுஞ்சாலையில் வடக்கே கொஞ்ச நேரம் ஓடினால் மவுண்ட் டிசப்பொயின்ட்மென்ட் காடு வந்துவிடும். 1824இல் ஹியூமும் ஹோவெலும் அந்த மலையில் ஏறி, மரங்கள் மறைத்ததால் கடலைப் பார்க்க முடியாமல், ஏமாற்றத்தில் வைத்த பெயர் அது. அந்தக் களிமண் பாதைகளில் ஒரு நாள் ஓடினால் சில்லுக்கும் சாசிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது முதுகெலும்புக்கே தெரியும்.

பிடிக்காத விடயம் ஒன்று இருக்கிறது. நான் கணினித் துறையில் வேலை செய்தாலும் படித்தது பொறியியல். அது தெரிந்த தம்பி, தங்கச்சிமார் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, எந்த பிராண்ட் ஷொக் நல்லது?" "என்ர வாகனம் எவ்வளவு நிறை?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "இதை எங்கே, எப்படிப் பூட்ட வேண்டும்?" என்றும் கேட்டதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷொக்கின் பெயரைக் கடைசியாகத் தெரிவு செய்யுங்கள். முதலில் நிறை. அடுத்தது ஸ்பிரிங். பிறகு சில்லு மேலும் கீழும் போகும் தூரம். பிறகு ஷொக்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட். இந்த நான்கும் தெரிந்த பிறகு எந்த நிறத்தில் வேண்டுமானாலும் வாங்குங்கள். இந்த நான்கும் தெரியாமல் நாலாயிரம் டொலரை ஒரு கடையில் வைப்பது காசை வீணாக்குவதோடு நிற்காது. அந்த வாகனத்தில் பின்னால் இருப்பது உங்கள் தங்கச்சி. எதிரே வருவது இன்னொருவரின் அம்மா.

ஷொக் எதைத் தாங்குகிறது?

பெயர்தான் குழப்பத்துக்குக் காரணம். ஷொக் அப்சோர்பர் என்றால் அதிர்ச்சியை விழுங்குவது என்று நினைப்போம். பள்ளத்தில் விழும் அடியை முதலில் வாங்குவது ஸ்பிரிங். வாகனத்தின் பாரத்தைத் தாங்கி நிற்பதும் ஸ்பிரிங்தான். ஷொக் ஒரு கிலோவையும் தாங்குவதில்லை என்றே சொல்லலாம். உள்ளே இருக்கும் சிறிய காற்றழுத்தம் கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான்.

அப்படியென்றால் அதன் வேலை என்ன? அமுக்கப்பட்ட ஸ்பிரிங் திரும்ப விரியும். விரிந்தது மறுபடி சுருங்கும். யாரும் பிடித்து நிறுத்தாவிட்டால் தொட்டில் போல ஆடிக்கொண்டே இருக்கும். ஷொக்கின் உள்ளே ஒரு முசலம், எண்ணெய், எண்ணெய் புகுந்து போகச் சிறிய துளைகள், அவற்றை மூடும் மெல்லிய தகடுகள். ஆட்டத்தின் சக்தியை அந்தத் துளைகள் வெப்பமாக மாற்றுகின்றன. நீண்ட மண் பாதைக்குப் பிறகு ஷொக்கைத் தொட்டால் கை சுடுவது அதனால்தான்.

ஆகவே "ஷொக் மாற்றினேன், இப்போது பின்பக்கம் தாழவில்லை" என்று யாராவது சொன்னால், உண்மையில் அவர் ஸ்பிரிங்கையும் மாற்றியிருக்கிறார். "பாரம் ஏற்றுகிறேன், கனமான ஷொக் போட வேண்டும்" என்றால் முதலில் ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கும் ஷொக்கும் புருஷன் பெண்சாதி மாதிரி. ஒன்றுக்குப் பொருத்தமாகத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

ஞாயிறும் திங்களும்

யூட் என்ற வாகனமே எங்கள் விக்டோரியாவில் பிறந்தது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்ட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமல் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு போகவும் ஒரே வாகனம் வேண்டும் என்று கேட்டார். ஜீலோங்கில் வேலை செய்த லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதை வரைந்தார். 1934இல் அது விற்பனைக்கு வந்தது.

அந்தக் கடிதத்திலேயே இன்றைய ஷொக் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெறும் வாகனம், திங்கட்கிழமை பாரம் ஏற்றிய வாகனம். இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங், ஒரே ஷொக். வெறும் வாகனத்துக்கு அளவானது பாரத்தில் தளர்ந்து ஆடும். பாரத்துக்கு அளவானது வெறுமையில் உதைக்கும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், உயர்தரத்து வர்க்கமூலம் மட்டும் போதும்.

ஒரு பின் சில்லின் மேல் 400 கிலோ நிற்கிறது என்று வையுங்கள். அந்தப் பக்க ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீற்றர் அமுக்க 40 நியூட்டன் விசை வேண்டும், அதாவது ஒரு மீற்றருக்கு 40,000. ஆட்டமே இல்லாமல் ஒரே மூச்சில் நிலைக்கு வரத் தேவையான தணிப்பை அவதித் தணிப்பு என்பார்கள். அது ஸ்பிரிங் கடினத்தையும் நிறையையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்க வருவது. 40,000ஐ 400ஆல் பெருக்கினால் 1 கோடியே 60 இலட்சம். வர்க்கமூலம் 4,000. இரண்டு மடங்கு 8,000. முழு அளவும் கொடுத்தால் வாகனம் கட்டை போல உதைக்கும் என்பதால் நடைமுறையில் அதில் ஒரு பகுதியைத்தான் கொடுப்பார்கள். 30 சதவீதம் என்று எடுத்தால் 2,400.

இப்போது அதே வாகனத்தில் கூண்டு, இழுப்பறை, தண்ணீர்த் தாங்கி, இரண்டாவது பற்றரி எல்லாம் ஏறி அந்தச் சில்லின் மேல் 600 கிலோ ஆகிறது. தாழாமல் இருக்க ஸ்பிரிங்கையும் 60 நியூட்டனுக்கு மாற்றுகிறீர்கள். 60,000ஐ 600ஆல் பெருக்கி அதே கணக்கைச் செய்தால் 12,000. அதில் 30 சதவீதம் 3,600. ஆனால் வாகனத்தில் பழைய 2,400 ஷொக்தான் இருக்கிறது. அதாவது 30 சதவீதம் என்று நீங்கள் நினைத்தது இப்போது 20.

அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஹியூம் நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீற்றரில் போகும்போது முன்னால் ஒரு கங்காரு பாய்ந்தால் தெரியும். ஒருமுறை ஒடித்துத் திரும்ப நேராக்குவீர்கள். முதல் ஆட்டம் அடங்கும் முன் இரண்டாவது வந்து அதன் மேல் ஏறும். ரயர் றோட்டை அழுத்தாத அந்தக் கணத்தில் ஸ்ரியறிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாதது போலத்தான்.

கேட்காத கேள்வி

என் சின்னம்மாவின் மகன் ஒருவன் மின்வேலை பழகுகிறான். வயது 22. தன் யூட்டுக்குப் பின்னால் தட்டையான தளம் போட்டு, அதன் மேல் அலுமினியக் கூண்டு வைத்து, கிழமை நாளில் வேலைக்கும் வார இறுதியில் முகாமுக்கும் ஓடுகிறான். போன வருடம் ஒரு கடையில் ஷொக், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதிக்கு விலை கேட்டான். அவர்கள் வாகனத்தின் பெயரையும் வருடத்தையும் கேட்டார்கள். எத்தனை அங்குலம் உயர்த்த வேண்டும் என்று கேட்டார்கள். காசா, தவணையா என்று கேட்டார்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

அவனை வாகனம் நிறுக்கும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் நிரப்பி, எரிபொருள் நிரப்பி, ஆயுதங்கள் எல்லாம் உள்ளே வைத்து, அவனும் உட்கார்ந்தபடி நிறுத்தோம். முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக, பிறகு முழுவதும். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுதான் செலவு. ஜீவிஎம் எனப்படும் மொத்த வாகன நிறையின் எல்லைக்கு இன்னும் 220 கிலோ மட்டுமே மிச்சம். இன்னும் மூன்று நண்பர்கள் ஏறினால் அது முடிந்துவிடும். பின் அச்சு அதற்கும் முதல் எல்லையைத் தொட்டுவிடும்.

"அண்ணா, நான் இவ்வளவு பாரத்தோட ஓடுறன் எண்டு எனக்கே தெரியாது" என்றான்.

அந்தச் சிறிய துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் கேட்டபோது பேச்சே மாறிவிட்டது. இரண்டு அங்குல உயர்வு தேவையில்லை என்றார்கள். எப்போதும் பின்னால் இருக்கும் பாரத்துக்கு அளவான ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்குக்கு அளவான ஷொக், கூண்டிலிருந்து கழற்றக்கூடிய 70 கிலோவைக் கழற்றுதல். முதற் கடை கேட்டதை விடக் குறைந்த காசு.

உயர்வு என்பது ஷொக்கின் தரத்தைக் காட்டும் அளவுகோல் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயர்த்தினால் பாறை தட்டாது, உண்மை. அதோடு வாகனத்தின் புவியீர்ப்பு மையமும் உயரும், முன் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகளின் கோணமும் கூடும், பிரேக் குழாய்கள் இழுபடும். தேவைக்கு மேல் உயர்த்திய ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் வளைவில் விலை கொடுக்க வேண்டும்.

எந்த வகை?

கடைகளில் மூன்று வகைகள் பெரும்பாலும் இருக்கும்.

இரட்டைக் குழாய் ஷொக் பழைய, எளிய வகை. முசலம் உள் குழாயில் ஓடும், மிச்ச எண்ணெய் வெளிக் குழாயில் இருக்கும். வெளியில் ஒரு கல் அடித்து நெளிந்தாலும் பெரும்பாலும் வேலை செய்யும். விலை குறைவு. குறை என்னவென்றால் வெப்பம் வெளியே போக இரண்டு சுவர்களைத் தாண்ட வேண்டும். அடித்துக்கொண்டே ஓடினால் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைக்கும். நுரை துளைகளில் சுலபமாக ஓடிவிடும், தணிப்பு குறைந்துவிடும். இதைத் தலைகீழாகவும் பூட்ட முடியாது.

ஒற்றைக் குழாய் ஷொக்கில் எண்ணெயையும் அழுத்திய நைதரசனையும் ஒரு மிதக்கும் முசலம் பிரித்து வைத்திருக்கும். நுரைப்பது குறைவு, எண்ணெய் வெளிச் சுவரையே தொடுவதால் சூடு விரைவாக வெளியேறும், தலைகீழாகவும் பூட்டலாம். ஆனால் முசலம் ஓடும் சுவரே வெளிச் சுவர் என்பதால் ஒரு கல் ஆழமாக நெளித்தால் முடிந்தது. விலையும் கூட.

மூன்றாவது, பக்கத்தில் தனிக் குப்பி வைத்தது. கூடுதல் எண்ணெய், கூடுதல் குளிர்ச்சி. வாயு வேறிடத்துக்குப் போவதால் அதே நீளத்தில் முசலம் ஓட இடம் கூடுதலாகக் கிடைக்கும். கிப் ரிவர் றோட்டிலோ பேர்ட்ஸ்வில் பாதையிலோ பாரத்தோடு நாட்கணக்கில் ஓடுகிறவர்களுக்கு இது பொருள் உள்ள செலவு. கிரெய்கிபர்ன் வேகத்தடைகளுக்கு இது அலங்காரம்.

உங்கள் வருடத்தில் 50 கிழமைகள் தார் றோட்டிலும் இரண்டு கிழமைகள் மண்ணிலும் போகின்றன என்றால், நிறைக்கு அளவான நல்ல இரட்டைக் குழாய் ஷொக்கும் நல்ல ரயரும் போதும். மிச்சக் காசில் மண்பாதை ஓட்டப் பயிற்சி ஒன்று எடுங்கள். இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பூட்டும் இடம்

வேலை உண்மையில் தொடங்குவது இங்கேதான். தன் கையால் தளம் கட்டுகிறவர்களும், பின்பக்க ஷொக்கை இடம் மாற்றிப் பூட்டுகிறவர்களும் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.

முதலாவது, கோணம். தொழிற்சாலை பூட்டிய ஷொக்கே கொஞ்சம் சரிந்துதான் இருக்கும். தண்ணீர்த் தாங்கிக்கோ பெரிய புகைக்குழாய்க்கோ இடம் விட இன்னும் சரிப்பவர்கள் உண்டு. ஷொக் சரியும்போது சில்லு மேலே போகும் தூரத்தில் ஒரு பங்கு மட்டுமே ஷொக்குக்குள் போகிறது. ஷொக் கொடுக்கும் விசையிலும் ஒரு பங்கு மட்டுமே சில்லுக்குத் திரும்பி வருகிறது. இரண்டு தடவை வெட்டுப்படுவதால் கோசைனின் வர்க்கம். நிமிர்ந்த நிலையிலிருந்து 20 பாகை சரித்தால் 88 சதவீதம் மிஞ்சும். 30 பாகையில் 75. 45 பாகையில் சரிபாதி. மேலே சொன்ன 2,400 ஷொக்கை 45 பாகையில் பூட்டினால் அது 1,200 ஷொக். காசு கொடுத்தது முழுசுக்கு, கிடைத்தது பாதி.

இரண்டாவது, தூரம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சில்லை முழுவதும் மேலே தூக்கி அளவெடுங்கள். முழுவதும் கீழே தொங்கவிட்டு அளவெடுங்கள். பிறகு ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே வைத்து அளவெடுங்கள், ஏனென்றால் காட்டில் சில்லுகள் அப்படித்தான் போகும். மேலே போகும்போது ரப்பர் பம்ப் ஸ்டொப் முதலில் முட்ட வேண்டும், ஷொக் அதற்குப் பிறகும் ஒரு விரல் அகலமாவது சுருங்க இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் முழு வாகனத்தின் அடியும் ஷொக்கின் தண்டிலும் பிராக்கெட்டிலும் விழும். கீழே தொங்கும்போது பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் இழுபடக் கூடாது. உயர்த்திய வாகனத்தில் பழைய நீள ஷொக்கைப் போட்டால் தொங்கும் அச்சை ஷொக்கே கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கும். அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதில்லை.

மூன்றாவது, பிராக்கெட். 3,600 தணிப்புள்ள ஷொக் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் அமுங்கினால் 3,600 நியூட்டன் விசை, ஏறக்குறைய 370 கிலோ தொங்குவது போல. அந்த போல்ட் சாசியிலிருந்து 60 மில்லிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அடியில் விழும் திருப்பம் 216 நியூட்டன் மீற்றர். பெரும்பாலான யூட்டுகளில் சில்லு நட்டை இறுக்கும் அளவைவிடக் கூட. அதுவும் ஒரு தடவையா? நெளிநெளியான மண் றோட்டில் மீற்றருக்கு ஒரு நெளிவு என்று வைத்தால் 80 கிலோமீற்றர் ஓடும்போது 80,000 தடவை. ஒரு தடவை தாங்குகிற இரும்பு 80,000 தடவை தாங்கும் என்று இல்லை. கம்பியை மடித்து மடித்து நிமிர்த்தினால் உடைவது போல, உலோகமும் களைக்கும்.

என் தம்பியின் வாகனத்தில் முன்பு யாரோ ஒருவர் ஒட்டிக் கொடுத்த மேல் பிராக்கெட் அப்படித்தான் களைத்திருந்தது. ஒரே ஒரு தகடு, அதில் ஒரு பக்கம் மட்டும் பிடித்த போல்ட், சுற்றி முழுவதும் வெல்டிங். அடியைக் கழுவும்போது வெல்டிங்கின் ஓரத்தில் தலைமயிர் அளவு கோடு ஒன்று தெரிந்தது. பூச்சு கீறியது என்று அவன் நினைத்தான். கம்பித் தூரிகையால் தேய்த்தபோது கோடு தகட்டுக்குள்ளேயே போயிருந்தது. காட்டுக்குள் உடைந்திருந்தால் ஷொக் தொங்கிப் பிரேக் குழாயை அறுத்திருக்கும். அறவில்லை. அது அதிர்ஷ்டம்.

ஆகவே போல்ட்டை இரண்டு தகடுகளுக்கு நடுவில், இரண்டு பக்கமும் பிடிக்கும்படி வையுங்கள். தகட்டுக்கு முண்டு கொடுங்கள். சாசியில் கண்ட இடத்தில் ஒட்ட வேண்டாம், ஒட்டும் சூடு சாசி இரும்பையே பலவீனமாக்கலாம். ஒட்டத்தான் வேண்டும் என்றால் தகுதியுள்ள வெல்டரிடம், பொறியியலாளர் வரைந்து கொடுத்தபடி. இன்னொரு சிறிய விடயம்: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வாகனம் நிலத்தில் தன் பாரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுகியே இருக்கும், சில மாதங்களில் கிழியும்.

பக்கத்து ஊர்ப் பாடம்

"இவ்வளவும் யார் பார்க்கிறார்கள், எல்லாரும் போட்டுக்கொண்டுதானே ஓடுகிறார்கள்" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. பார்க்கிறவர்களைக் காட்டுகிறேன். தூரத்தில் இல்லை.

எங்களுக்குத் தெற்கே, ஹியூம் வீதியில் இருந்த ஃபோர்டின் புரோட்மெடோஸ் தொழிற்சாலையில் கடைசி வாகனம் 2016 ஒக்டோபர் 7 அன்று இறங்கியது. இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்த வேலையில் வாழ்ந்தவை. கார் கட்டுவது நின்றாலும் வடிவமைப்பு நிற்கவில்லை. தாய்லாந்தில் கட்டப்பட்டு எங்கள் தெருவெல்லாம் ஓடும் ரேஞ்சரை வடிவமைத்ததும், லாராவில் உள்ள யூ யாங்ஸ் சோதனைத் தளத்தில் அடித்துப் பார்த்ததும் இங்கே இருக்கும் பொறியியலாளர்கள்.

2018இல் அவர்கள் ரேஞ்சர் ராப்டரைக் கொண்டு வந்தார்கள். பலரும் அதைப் பார்த்துத்தான் ஃபொக்ஸ் ஷொக் வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். அவர்கள் ஷொக்கை மட்டும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னால் இருந்த தகட்டு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கும் வாட்ஸ் இணைப்பும் வைத்தார்கள். அதற்கு ஈடாக ஒன்றை விட்டுக் கொடுத்தார்கள். சாதாரண ரேஞ்சர் 3,500 கிலோ இழுக்கும், ராப்டர் 2,500 கிலோதான். ஏற்றும் பாரமும் நன்றாகக் குறைந்தது. 2022இல் வந்த அடுத்த ராப்டருக்குச் சாசியில் ஷொக் கோபுரத்தையும் பின் ஷொக் பூட்டும் இடத்தையும் தனியாகவே வடிவமைத்தார்கள்.

இத்தனை காசும் கணினியும் சோதனைத் தளமும் உள்ள ஒரு நிறுவனமே நல்ல ஷொக்குக்காக ஒரு தொன் இழுவையை விட்டுக் கொடுக்கிறது, பூட்டும் இரும்பைப் புதிதாக வரைகிறது. நாங்கள் அதே மாதிரி ஷொக்கைப் பழைய பிராக்கெட்டில் பூட்டி, அதே 3,500 கிலோவை இழுத்து, கூரையில் கூடாரத்தையும் வைத்தால் எப்படி?

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. அவுஸ்திரேலியா முழுவதற்கும் விஎஸ்பி 14 என்ற மாற்றியமைப்புக் கோவை இருக்கிறது. விக்டோரியாவில் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய மாற்றங்களுக்கு வாஸ் திட்டத்தில் பதிவுபெற்ற பொறியியலாளரின் சான்றிதழ் வேண்டும். சிலர் இதைப் பொலிசுக்குக் காட்டும் கடதாசி என்று நினைக்கிறார்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். உங்கள் பிராக்கெட்டை உங்களோடு சம்பந்தமில்லாத, படித்த, பொறுப்பேற்கிற ஒரு ஆள் குனிந்து பார்க்கிறார். அந்தக் காசுக்கு இதைவிட நல்ல பொருள் அந்த வாகனத்தில் வேறெதுவும் இல்லை. வேலை தொடங்க முதலே அவரிடம் போங்கள். முடித்த பிறகு போனால் அவர் சொல்லக்கூடியது "வெட்டி எடு" என்பது மட்டும்தான். சான்றிதழ் இல்லாத மாற்றத்தோடு ஒரு விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் என்ன சொல்லும் என்பதையும் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் இன்றைக்கே வாசித்துப் பாருங்கள்.

கை அழுக்காகட்டும்

கடைசியாக ஒன்று, இது பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, தோளுக்கு மேலால் வாசிக்கும் அப்பா அம்மாவுக்கும்.

எங்கட சனம் பொறியியலாளருக்கு நாற்காலி போடும், மெக்கானிக்கை வாசலில் நிறுத்தும். என் தம்பி மின்வேலை பழகப் போகிறான் என்றபோது வீட்டில் யாரோ செத்தது போல இருந்தார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கட குடும்பங்களை ஏற்றித் திரிந்த மொறிஸ் மைனரை நினைத்துப் பாருங்கள். அதன் ஷொக் இன்றையதைப் போலக் குழாய் இல்லை, கை வைத்த ஒரு இரும்புப் பெட்டி. முன்பக்கத்தில் அந்தக் கையே சில்லைப் பிடிக்கும் மேல் கரமாகவும் இருந்தது. பெட்டியின் போல்ட் தளர்ந்தால் சில்லே நிலை தவறும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் அந்த வாகனங்களை ஓடவைத்தவர்கள் கராஜ்காரர்கள். பட்டம் இல்லாத பொறியியலாளர்கள் அவர்கள். எந்த போல்ட் எதைத் தாங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு பிள்ளை அளவெடுக்கப் பழகினால், வெல்டிங்கின் தரம் பார்க்கப் பழகினால், வர்க்கமூலக் கணக்கைத் தன் வாகனத்தில் போட்டுப் பார்த்தால், அவனையோ அவளையோ தடுக்காதீர்கள். புரோட்மெடோஸிலேயே கங்கன் கல்லூரி இருக்கிறது. வாகனத் தொழிலை அந்தக் கல்லூரியிடம் முறையாகப் படிக்கலாம். முதுகலை வரை படித்த நான் சொல்கிறேன், என் படிப்பில் பாதிக்கு அர்த்தம் விளங்கியது ஒரு வாகனத்துக்குக் கீழே படுத்தபோதுதான்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வருகிற சனிக்கிழமை கடைக்குப் போகாமல் நிறுக்கும் மேடைக்குப் போங்கள். முகாமுக்குப் போகும் எல்லாப் பொருளையும் ஏற்றி, இரண்டு அச்சையும் தனித்தனியாக நிறுங்கள். திரும்பி வந்து, ஒரு விளக்கோடு வாகனத்துக்குக் கீழே படுத்து, நான்கு ஷொக்கின் மேலும் கீழும் உள்ள எட்டுப் பிடிப்புகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய்க் கசிவு, கிழிந்த ரப்பர், வெல்டிங் ஓரத்துக் கோடு. இவை இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள்.

அந்தத் துண்டுச் சீட்டையும் குறிப்பையும் கையில் வைத்துக்கொண்டு பிறகு என்னிடம் கேளுங்கள், எந்த பிராண்ட் நல்லது என்று. அப்போது உங்களுக்கே பாதிப் பதில் தெரிந்திருக்கும்.